பத்துத் தோலுக்கு ஒரு துப்பாக்கி

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. மார்ச் கணக்கு முடிப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் ஆடிட், நடுவில் ஒரு வாரம் ஜுரம். எங்களைப் போன்ற வங்கிக்காரர்களுக்கு இதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் மூச்சு வரும். மூச்சு வந்ததும் வழக்கம்போல பாட்னா வெயில், லிட்டி சோக்கா என்று எழுதாமல் கனடாவுக்குத் தாவுகிறேன். காரணம் மகள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் 'தி ரெவனன்ட்' படம் ஓடியது. 2015-இல் வந்த படம்தான், நாங்கள் எப்போதும் லேட். 1823-இல் நடக்கும் கதை. தோல் வேட்டைக்குப் போன ஒரு கூட்டம், பனி, கரடி, பூர்வகுடிகளோடு சண்டை. பாதிப் படத்தில் மகள் கேட்டாள்: "அப்பா, இவங்களுக்கும் அவங்களுக்கும்தான் சண்டையாச்சே. அப்புறம் அவங்களுக்குத் துப்பாக்கி யார் வித்தது?"

"வியாபாரம்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். "அப்போ மருந்து தீர்ந்து போனா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தங்கமணி வேறு, "இருபது வருஷமா கடன் குடுக்கிற ஆபீசர், இது தெரியாதா?" என்று ஒரு போடு போட்டார். அன்று ஆரம்பித்த படிப்பு இது. தேடப் போனால், கிடைத்ததில் பாதி என்னுடைய தொழில் சமாச்சாரம். விலைப்பட்டியல், பேரேடு, முன்பணம், வாராக்கடன் எல்லாம் அதில் இருக்கிறது. வரலாற்று ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ளவும், நான் பி.காம்.

தொப்பிக்காக ஒரு கம்பெனி

முதலில் சரக்கு என்னவென்று பார்த்துவிடுவோம். பீவர் என்பது ஆற்றில் மரக்கிளைகளை அடுக்கி அணை கட்டும் ஒரு பெரிய கொறிவிலங்கு. நம் ஊர் நீர்நாய் வேறு, இது வேறு. அதன் வெளிமயிருக்கு அடியில் மெத்தென்று ஒரு உள்மயிர் உண்டு. அந்த மயிரில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கொக்கிகள். ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு அருமையான ஃபெல்ட் ஆகும். ஐரோப்பாவில் மரியாதைப்பட்ட ஆண்பிள்ளை என்றால் தலையில் பீவர் தொப்பி இருக்க வேண்டும் என்ற காலம் அது. தங்கள் ஊர்ப் பீவரை ஏறக்குறைய வேட்டையாடித் தீர்த்துவிட்டதால் அவர்கள் கண் வட அமெரிக்காவின் மேல் விழுந்தது.

1670 மே 2-ஆம் தேதி இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் ஒரு சாசனம் கொடுத்தார். ஹட்சன் விரிகுடாவில் வந்து விழும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதிலும் வியாபாரம் செய்யும் ஏகபோக உரிமை ஒரே கம்பெனிக்கு. அரசரின் உறவினர் இளவரசர் ரூபர்ட் முதல் கவர்னர். அந்த நிலத்தின் பரப்பு இன்றைய இந்தியாவைவிடப் பெரியது. அங்கே காலங்காலமாக வாழ்ந்துவந்த க்ரீ, அசினிபாய்ன், டெனே மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நமக்கு இது புதுக்கதை இல்லை. அதே ஊரிலிருந்து 1600-இல் இன்னொரு கம்பெனி சாசனம் வாங்கிக்கொண்டு நம் பக்கம் கிளம்பியதே.

ஆனால் ஒரு வித்தியாசம். ஹட்சன்ஸ் பே கம்பெனி கடலோரத்தில் சில கோட்டைகளைக் கட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தது. முதல் நூறு வருஷம் உள்நாட்டுக்குள் அதிகம் போகவில்லை. பூர்வகுடிகள்தான் உள்ளிருந்து படகில் தோலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேட்டையாடுவது, தோலைப் பதமாக்குவது, சுமந்து வருவது எல்லாம் அவர்கள் வேலை. ஒரு சீசன் உடம்பில் போர்த்தி, வெளிமயிர் உதிர்ந்து, உள்மயிர் மட்டும் நின்ற பழைய தோலுக்குத்தான் அப்போது கிராக்கி. பழசுக்கு அதிக விலை கொடுத்த வியாபாரம் உலகத்தில் குறைவு.

தோலே பணம்

அங்கே காசு கிடையாது. எனவே நல்ல குளிர்காலத்தில் பிடித்த, வளர்ந்த பீவர் ஒன்றின் தோலையே கணக்கு அலகாக வைத்துக்கொண்டார்கள். அதற்கு 'மேட் பீவர்' என்று பெயர். நரித்தோல், மார்ட்டன் தோல் எல்லாவற்றையும் இத்தனை மேட் பீவர் என்று மாற்றித்தான் எழுதுவார்கள். கடைச் சரக்குக்கும் அதே அலகு.

1708-இல் ஜான் ஓல்ட்மிக்சன் என்பவர் அச்சிட்ட புத்தகத்தில் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. அதில் பெரிய துப்பாக்கிக்கு 12 தோல், நடுத்தரத்துக்கு 10, சின்னதுக்கு 8. ஒரு தோலுக்கு அரை பவுண்டு வெடிமருந்து. ஒரு தோலுக்கு நாலு பவுண்டு ரவை. ஒரு தோலுக்கு ஒரு பவுண்டு புகையிலை. செம்புக் கெண்டியை எடை போட்டு, பவுண்டுக்கு ஒரு தோல். கண்ணாடியும் சீப்பும் சேர்த்து இரண்டு தோல்.

பின்னாளில், 1850-களில், இதே அலகில் கம்பெனி பித்தளை வில்லைகள் அடித்தது. ஒன்று, அரை, கால், அரைக்கால் என்று நாலு மதிப்பு. அதில் 'எம்.பி.' என்று பொறிக்க வேண்டிய இடத்தில் அச்சு வெட்டியவர் 'என்.பி.' என்று வெட்டிவிட்டார். அப்படியே புழக்கத்துக்குப் போனது. ஒரு எழுத்து மாறினால் செக்கைத் திருப்பி அனுப்பும் எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு தாங்கவில்லை.

ஆள் உயரத்துக்குத் தோல் அடுக்கிய கதை

இந்த விஷயத்தைப் பற்றிப் பேசினாலே யாராவது ஒருவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. துப்பாக்கியைத் தரையில் நிமிர்த்தி வைத்து, அதன் உயரத்துக்குத் தோலை அடுக்கச் சொல்லி ஏமாற்றினார்களாம். அதற்காகவே குழலை நீளமாகச் செய்தார்களாம்.

கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கு உதைக்கிறது. துப்பாக்கி உயரத்துக்கு அடுக்கினால் தோல் எத்தனையோ மடங்கு ஆகும். பட்டியல் விலை 8 முதல் 12, பிற்பாடு பெரிய துப்பாக்கிக்கு 14. குழலின் நீளமும் கதைக்கு நேர்மாறாகப் போகிறது. ஆரம்பத்தில் நாலு அடி, மூன்றரை அடி, மூன்று அடிக் குழல்கள் விற்றன. நாளாக ஆக வாங்குபவர்கள் கேட்டது குட்டைக் குழல். 19-ஆம் நூற்றாண்டில் இரண்டரை அடிக் குழல் சாதாரணமாகிவிட்டது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்துச் சாட்ரன் ஊரில் தோல் வியாபாரத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அதை உருவாக்கிய சார்லஸ் ஹான்சன் இந்தத் துப்பாக்கிகளைப் பற்றி 1955-இல் ஒரு புத்தகமே போட்டார். இந்தக் கதையை அவர்கள் எப்போதோ தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது வேறு. ஏமாற்றியவனைத் திட்டுவது போல ஆரம்பித்து, வாங்கியவனை முட்டாளாக்கிவிடுகிறது. உண்மையில் அவர்கள் எப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் என்று பாருங்கள்.

கறாரான வாடிக்கையாளர்

கோட்டைக்குப் படகுகள் வந்ததும் நேரே கடைக்குள் போய்விட மாட்டார்கள். முதலில் புகைக்குழாய் மாற்றிக்கொள்வது, பரிசு கொடுப்பது, வாங்குவது என்று சடங்கு. கூட்டத் தலைவருக்கு கம்பெனி கோட்டும் தொப்பியும் போடும். பிறகு தலைவர் எழுந்து பேசுவார். அந்தப் பேச்சுகளைக் கோட்டை அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். போன வருஷம் கொடுத்த துப்பாக்கி சரியில்லை, கைக்கு அடக்கமாக, லேசாக இருக்க வேண்டும், குளிரில் விசை உறையக் கூடாது என்று வரிசையாகப் புகார். மருந்து அளக்கும்போது அளவைக்குள் விரலை விடாமல் நிறைய அளக்கச் சொல்லுங்கள் என்பதும் அதில் உண்டு.

இந்தக் கடைசி வரியைப் படித்தபோது சின்ன வயதில் அம்மாவோடு ரேஷன் கடை வரிசையில் நின்றது ஞாபகம் வந்தது. அம்மாவின் கண் முழுக்க படியின் விளிம்பிலேயே இருக்கும். அளக்கிறவரின் கட்டைவிரல் உள்ளே இருந்தால் குரல் உயரும்.

அவர்கள் சந்தேகம் நியாயமானது. லண்டன் நிர்ணயித்த விலை ஒன்று, கோட்டையில் அளந்தது ஒன்று. அளவைக் குறைத்து மிச்சம் பிடிப்பதற்குக் கம்பெனிப் பேரேட்டில் 'ஓவர்பிளஸ்' என்று தனித் தலைப்பே உண்டு. தலைவர்களுக்குக் கொடுத்த பரிசுச் செலவை ஈடுகட்டியதும் இதிலிருந்துதான். கணக்கில் ஒளிவுமறைவு இல்லை, அளவையில்தான் இருந்தது.

துப்பாக்கியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறக்கும் ரகம். குழலின் உள்பக்கம் வழவழப்பு. அதனால் பெரிய குண்டும் போடலாம், பறவைக்கு ரவையும் போடலாம். ஒரே துப்பாக்கியில் மூஸ் மானும் அடிக்கலாம், காட்டு வாத்தும் அடிக்கலாம். ஒரு பவுண்டு ஈயத்தில் 24 குண்டு வார்த்தால் ஒரு குண்டு என்ன பருமனோ, அதுதான் குழலின் வாய். ஆனால் விற்ற குண்டு அதைவிடச் சற்றுச் சின்னது, தடையில்லாமல் சட்டென்று உள்ளே இறங்கும். பிற்காலத்தில் குதிரைமேல் பாய்ந்துகொண்டே எருமை வேட்டையாடிய மெட்டி இனத்தார் வாயில் குண்டுகளை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குழலுக்குள் துப்பிச் சுட்டார்கள்.

விசையைச் சுற்றிய வளையம் பெரியதாக இருக்கும், கையுறை போட்ட விரல் நுழையும்படி. பக்கவாட்டில் பித்தளையில் ஒரு பாம்பு வடிவத் தகடு. அந்தப் பாம்பு இல்லாவிட்டால் துப்பாக்கி விலைபோகாது. லண்டன், பர்மிங்காம் பட்டறைகளில் பார்னெட், வில்சன் போன்றவர்கள் செய்தார்கள். அமெரிக்க வியாபாரிகளுக்காக பென்சில்வேனியாவில் டெரிஞ்சர், லெமன் போன்றவர்கள் செய்த துப்பாக்கியிலும் அதே பாம்பை வைக்க வேண்டி வந்தது. பிராண்டைத் தீர்மானித்தது காட்டிலிருந்த வாடிக்கையாளர்.

தொப்பி போன்ற சின்ன வெடிமூடியைத் தட்டிச் சுடும் புது ரகம் வந்து ராணுவங்கள் எல்லாம் மாறிய பிறகும், 1860-கள் வரை இங்கே சக்கிமுக்கிதான் விற்றது. பழமைப் பற்று ஒன்றும் இல்லை. வெடிமூடி தீர்ந்தால் அடுத்த கடை நூறு மைல். கல் தேய்ந்தால் இன்னொரு கல். கடையை நம்ப வேண்டிய பொருள்களில் ஒன்று குறையட்டும் என்ற கணக்கு.

பீவருக்கு இல்லை இந்தத் துப்பாக்கி

நான் எதிர்பார்க்காத விஷயம் இது. பீவரைப் பெரும்பாலும் சுட்டுப் பிடிப்பதில்லை. சுட்டால் தோலில் ஓட்டை. பனியை உளியால் உடைத்து, வளையைக் கிளறி, வலை வைத்துப் பிடிப்பார்கள். பின்னாளில் இரும்புப் பொறி வந்தது. அப்படியானால் துப்பாக்கி எதற்கு?

ஒன்று, சாப்பாட்டுக்கு. மூஸ், கேரிபூ, வாத்து. இரண்டு, பக்கத்து இனத்தாரிடமிருந்து தப்பிக்க, அல்லது அவர்களை விரட்ட.

டேவிட் தாம்சன் என்ற கம்பெனிப் பையன் 1787-88 குளிர்காலத்தைப் பீகன் இனத்தாரிடையே கழித்தான். பின்னாளில் பெரிய நில அளவையாளர் ஆனவர் அவர். அங்கே சௌகமாப்பி என்ற முதியவர் தன் இளமைக் காலத்துச் சண்டை ஒன்றைச் சொன்னார். எதிரிகளான ஷோஷோனி கூட்டத்திடம் குதிரை உண்டு, துப்பாக்கி கிடையாது. இவர்கள் பக்கம் பத்தே துப்பாக்கி, ஆளுக்கு முப்பது குண்டு அளவில். வாயில் இரண்டு குண்டு, இடது கையில் ஒரு தடவைக்கான மருந்து என்று தயாராக இருந்தார்கள். கேடயத்துக்குப் பின்னால் நின்றவர்கள் விழுந்தார்கள். சண்டையின் போக்கே மாறிப்போனது.

கடற்கரைக் கோட்டைக்கு யார் பக்கத்தில் இருந்தார்களோ அவர்களுக்கு முதலில் ஆயுதம் கிடைத்தது. க்ரீ மக்கள் ஆயுதத்தோடு தரகர்களாகவும் ஆனார்கள். வடக்கே டெனே மக்களுக்குத் துப்பாக்கி எட்டவில்லை. அவர்களில் தனடெல்தூர் என்ற இளம்பெண் 1713-இல் க்ரீ கூட்டத்திடம் கைதியானாள். அடுத்த வருஷம் தப்பி, பசியும் பனியுமாக அலைந்து கம்பெனிக்காரர்கள் கையில் வந்து சேர்ந்தாள். யார்க் கோட்டை அதிகாரி ஜேம்ஸ் நைட்டுக்கு அவள் பேச்சும் துணிச்சலும் பிடித்துப்போனது. 1715-இல் நூற்றைம்பது பேர் அளவிலான க்ரீ கூட்டத்தோடும் ஒரு கம்பெனி ஆளோடும் அவளை அனுப்பினார். பசியும் நோயும் தாங்காமல் வழியில் பலர் திரும்பிவிட்டார்கள். அவள் மட்டும் தனியாக முன்னே போய், தன் மக்களிடம் தொண்டை கட்டும் வரை பேசி, இரு தரப்பையும் சமாதானத்துக்குக் கொண்டுவந்தாள். 1717-இல் காய்ச்சலில் இறந்தபோது அவளுக்கு இருபது வயதை ஒட்டி. அதே வருஷம் சர்ச்சிலில் கோட்டை எழுந்தது. டெனே மக்களுக்கும் துப்பாக்கி கிடைக்கத் தொடங்கியது. துப்பாக்கி ஏற்படுத்திய ஏற்றத்தாழ்வை, துப்பாக்கி கிடைக்கும் என்று சொல்லித்தான் அவளாலும் தீர்க்க முடிந்தது.

மருந்து தீர்ந்தால்?

இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன். ஓல்ட்மிக்சன் பட்டியலை வைத்து நானே ஒரு கணக்குப் போட்டேன். ஒரு தடவை சுட ஆறரை கிராம் மருந்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு தோலுக்குக் கிடைக்கும் அரை பவுண்டில் 35 தடவை சுடலாம். ஈயம் மலிவு. நாலு பவுண்டில் நூறு குண்டுக்கு மேல் வரும். இரண்டையும் சேர்த்தால், சுமார் 265 தடவை சுட்டு முடிக்கும்போது இன்னொரு பத்துத்தோல் துப்பாக்கியின் விலை கரைந்திருக்கும்.

ஈயத்தையாவது மிருகத்தின் உடம்பிலிருந்து தோண்டி எடுத்து மறுபடி உருக்கலாம். மருந்து ஒரு தடவை எரிந்தால் புகை. காட்டில் செய்யவும் முடியாது. கல்லும் ஸ்பிரிங்கும் போனால் கோட்டையின் துப்பாக்கி ஆசாரியிடம் வர வேண்டும். குளிரில் நொறுங்கும் இரும்பு, குழல்வாயில் பனி அடைத்துக்கொண்டால் வெடித்துக் கையைக் கொண்டுபோய்விடும் ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, சரக்குக் கப்பல் வருஷத்துக்கு ஒரு தடவைதான், கடல் உருகும் கோடையில்.

கப்பல் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி உண்டு. யார்க் கோட்டையைச் சில வருஷம் ஃபிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். ஃபிரான்சிலிருந்து சரக்கு ஒழுங்காக வரவில்லை. தளபதி ஜெரெமி இருந்த மருந்தைக் கோட்டைக்கென்று பதுக்கிக்கொண்டார். 1712-இல், மருந்து கிடைக்காமல் பட்டினி கிடந்த பூர்வகுடிகள், வேட்டைக்குப் போன ஃபிரெஞ்சு ஆள்கள் சிலரைக் கொன்றார்கள். ஜெரெமியே இதை எழுதி வைத்திருக்கிறார். வில் வித்தை முழுசாக மறந்துபோகவில்லை. சமவெளியில் குதிரைமேல் எருமை வேட்டைக்கு வில்தான் வேகம் என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். ஆனால் கோட்டையை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு இரண்டு தலைமுறையில் மருந்தும் அரிசி மாதிரி ஆகிவிட்டது.

இந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கும் ஊரும் கதைக்குள் வருகிறது. வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். இங்கிலாந்துக்கு வெடியுப்பு பெருமளவு போனது பீகாரிலிருந்து. இங்கே நோனியா என்ற சமூகத்தார் கிராமத்து மண் சுவர், மாட்டுத்தொழுவம் பக்கம் உப்புப் பூத்த மண்ணைச் சுரண்டி, தண்ணீரில் வடித்து, காய்ச்சி எடுப்பார்கள். பின்னாளில் கல்கத்தாவோடு பெயர் சேர்ந்த ஜாப் சார்னாக், அதற்கு முன் வெகுகாலம் பாட்னாவில் இந்த வியாபாரத்தைத்தான் பார்த்தார். பிளாசிக்குப் பிறகு, 1758-இல், கிளைவ் பீகார் வெடியுப்பு முழுவதற்கும் ஏகபோகம் வாங்கிவிட்டார். ஹாஜிபூர் பக்கத்து மண் லண்டனில் மருந்தாகி ஹட்சன் விரிகுடாவில் மூஸ் மான் மேல் வெடித்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மண்ணைச் சுரண்டியவருக்கும் மானைச் சுட்டவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. இரண்டு பேரின் கணக்கும் லண்டனில் இருந்தது.

இலையுதிர் காலத்துக் கடன்

இப்போது என் துறை. குளிர்கால வேட்டைக்குப் புறப்படும் முன், இலையுதிர் காலத்தில், வேட்டைக்காரருக்கு மருந்து, குண்டு, கம்பளி எல்லாம் கடனாகக் கொடுப்பார்கள். பெயருக்கு நேரே இத்தனை மேட் பீவர் என்று எழுதிக்கொள்வார்கள். வசந்தத்தில் தோலோடு வந்து அடைப்பார். அச்சு அசலாக நம் பயிர்க்கடன். ஈடு எதுவும் கிடையாது, ஆளின் பேர்தான் ஈடு.

கம்பெனி இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. மருந்தில்லாத வேட்டைக்காரன் சாப்பாட்டுக்கே அலைவான், தோல் பிடிக்க மாட்டான். கடன் வாங்கியவன் திரும்ப வருவான். ஆனால் மான்ட்ரியாலின் நார்த் வெஸ்ட் கம்பெனி போட்டிக்கு வந்தபிறகு, ஒரு கடையில் கடனை வைத்துவிட்டு அடுத்த கடையில் தோலை விற்க முடிந்தது. விலை பேச முடிந்தது. அந்த வருஷங்களில் வேட்டைக்காரர் கை ஓங்கியிருந்தது. வாராக்கடன் கம்பெனிக்குத் தலைவலி. இந்த இடத்தில் என் அனுதாபம் யார் பக்கம் என்று நானே குழம்பிவிட்டேன்.

1821-இல் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாயின. பக்கத்துக் கடை போய்விட்டது. புது நிர்வாகி ஜார்ஜ் சிம்சன் செலவைக் குறைத்தார், பரிசுகளைக் குறைத்தார், கடனையும் இறுக்கினார். போட்டிக் காலத்தில் மித மிஞ்சி வேட்டையாடியதால் பல இடங்களில் பீவரும் அருகிவிட்டது. ஐரோப்பாவிலோ பட்டுத் தொப்பி மோஸ்தர் வந்து பீவரின் விலை விழுந்தது. துப்பாக்கி அதே துப்பாக்கி. மருந்து வாங்கத் தோல் இல்லை.

என் மேசைக்கு எதிரே அடிக்கடி ஒரு மனிதர் வந்து உட்காருவார். கங்கைக்கரை தியாரா நிலத்துக்காரர். பம்புசெட் வாங்கக் கொடுத்த கடனை ஒழுங்காக அடைத்துவிட்டார், எங்கள் ஏட்டில் அவர் நல்ல வாடிக்கையாளர். அவரைத் தின்றது வருஷா வருஷம் டீசலுக்கு வெளியில் வாங்கிய கைமாற்று. அது எங்கள் ஏட்டில் இல்லை. பம்புசெட் வாங்கியது முட்டாள்தனமா என்றால் இல்லை, அதில்தான் அவர் இரண்டு போகம் எடுத்தார். கடன் மனுவைப் பார்க்கும்போது பொருளின் விலையைப் பார்க்கிறோம். அதை ஓட்ட ஆகும் செலவை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்று பார்ப்பதில்லை. அந்த க்ரீ வேட்டைக்காரரின் விஷயமும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. துப்பாக்கி நல்ல பொருள், பார்த்துத்தான் வாங்கினார். இரண்டு கடை இருந்தவரை அவர் வாடிக்கையாளர். ஒரே கடை ஆனதும் அவர் கடனாளி.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

கம்பெனி தன் நிலத்தை 1870-இல் கனடாவிடம் ஒப்படைத்தது. வாங்கிய தொகை 3 லட்சம் பவுண்டு. போக, கோட்டைகளைச் சுற்றிய நிலமும் வளமான பகுதியில் இருபதில் ஒரு பங்கும். அங்கே வாழ்ந்த மக்களுக்கு இதில் ஒரு பென்னியும் இல்லை.

அடுத்த சில வருஷங்களில் கனடா அரசு பூர்வகுடிகளோடு வரிசையாக ஒப்பந்தங்கள் போட்டது. நிலம் கைமாறும் பெரிய வார்த்தைகளுக்கு நடுவே ஒரு சின்ன வரி கண்ணில் பட்டது. 1873-இன் மூன்றாம் ஒப்பந்தத்திலும் 1876-இன் ஆறாம் ஒப்பந்தத்திலும், வெடிமருந்து, குண்டு, வலைக்கயிறு இவற்றுக்காக வருஷத்துக்கு 1,500 டாலர். 1877-இன் ஏழாம் ஒப்பந்தத்தில் மருந்து, குண்டுக்கு 2,000 டாலர். அதுவும் தனித்தனி ஆளுக்கு இல்லை, ஒப்பந்தத்தில் சேர்ந்த அத்தனை பேருக்கும் சேர்த்து. மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, கடைக்காரன் போனாலும் மருந்து வேண்டும் என்று. இருநூறு வருஷ வியாபாரத்தின் மிச்சம் அந்த ஒரு வரி.

கம்பெனி என்ன ஆயிற்று? தோல் வியாபாரத்தை விட்டு, நகரங்களில் பெரிய துணிக்கடைகளாக வளர்ந்தது. டொராண்டோவில் இருக்கும் சொந்தங்களுக்கு 'தி பே' என்றால் தெரியும். 2025 மார்ச்சில், நூறு கோடி டாலருக்கு மேல் கடன் கழுத்தை நெரிக்க, கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஜூன் 1-ஆம் தேதி கடைசிக் கடைகளும் மூடின. 355 வருஷம். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்தார்கள், பலர் வருஷக்கணக்கில் உழைத்தவர்கள். இதில் மகிழ ஒன்றும் இல்லை.

இவ்வளவையும் மகளிடம் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ மருந்து தீர்ந்து போனா என்ன பண்ணுவாங்கன்னு இப்பத்தான் புரியுதுப்பா, திரும்ப அதே கடைக்குத்தான் போவாங்க" என்றாள். கடன் மனுவின் ஓரத்தில் நான் எழுதும் குறிப்புகளைவிட அது தெளிவாக இருந்தது.

திங்கட்கிழமை அந்த தியாராக்காரர் வந்திருந்தார். இந்த முறை எவ்வளவு கடன் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், டீசல் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.